என் அடிதான்

கோலாலம்பூருக்கு மேற்கே, கிள்ளானில் பாலத்துக்குப் போகும் சாலையில், சீனர் ஒருவர் தகரவாளி செய்து விற்ற கடைக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவே, ஆறடி அகலத்தில் ஒரு வெள்ளிப் பட்டறை இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் எல்லோரும் பத்தர் என்றே கூப்பிட்டோம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. போலீஸ் வாக்குமூலம் ஒன்றின் அடியில் அதை எழுதியிருந்தார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் இங்கே அதை எழுதப்போவதில்லை. அந்த வாக்குமூலம் பொய் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் அன்று தெரியாது.

நான் அப்போது கிள்ளானுக்கு வெளியே, நாலைந்து ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, முறிந்த எலும்புக்குச் சிம்பு வைப்பது, காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா கொடுப்பது, செத்தவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் என் வேலை. வெள்ளைக்கார டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான்.

பத்தரை முதலில் பார்த்ததும் அங்கேதான். உருக்கிய வெள்ளி தெறித்து இடது புறங்கையில் சதை வெந்து வந்தார். ஒல்லியான, கறுத்த மனிதர். நாற்பது வயதிருக்கும். கத்தரியால் செத்த தோலை வெட்டினேன். முகம் சுளிக்கவில்லை. கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா பத்தரே?"

"இது எந்த ஊர் இரும்பு டிரசரய்யா?"

"சீமையிலேருந்து வருது."

"நல்ல எஃகு. உடைஞ்சா தூக்கிப் போட்டுராதீங்க. எனக்குக் குடுங்க."

எதற்கு என்று பட்டறைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கெட்டிப் பால் டப்பா இரண்டில், விரல் நீள உளிகள் ஐம்பது அறுபது செருகி வைத்திருந்தார். எல்லாம் அவரே செய்த முத்திரை உளிகள். உடைந்த அரத்தின் துண்டைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டு, இளகிய பிறகு அதன் நுனியில் உருவம் செதுக்குவார். ஒன்றில் வேப்பிலை, ஒன்றில் பிறை, ஒன்றில் மல்லிகை மொட்டு, ஒன்றில் நெல், ஒன்றில் மீனின் கண். பிறகு மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கி, வைக்கோல் நிறம் ஏறும்வரை தணலில் காட்டி எடுப்பார். ஒரு உளிக்கு இரண்டு நாள் ஆகும்.

தோட்டத்துப் பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளி ரூபாய்களைச் சேலை முந்தியில் முடிந்து எடுத்துக்கொண்டு வருவார்கள். இங்கே புதிதாக அடித்துவிட்ட காசை அவர் தொடமாட்டார். "இதுல பாதி செம்பு ஆத்தா. நாளைக்கே பச்சை பூக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ரூபாயை உருக்கி, தட்டி, இரண்டு விரல் அகலப் பட்டையாக்குவார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை எதிரே உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று ஏதாவது கேட்பார். அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டப்பாவிலிருந்து உளிகளைப் பொறுக்கி வரிசையாக வைப்பார். பட்டையைப் பட்டறைக்கல்லில் கிடத்தி, உளியை நிறுத்தி, சுத்தியலால் ஒரு அடி. அடுத்த உளி, அடுத்த அடி. எந்த இடத்திலும் இரண்டாவது முறை அடிக்கமாட்டார். உளி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உருவம் இரட்டையாக விழுந்துவிடும் என்பார்.

"ரெண்டாவது அடி விழுந்தா மொத அடி பொய்யாயிரும்."

எல்லா அடியும் முடிந்த பிறகுதான் பட்டையை வளைத்துக் காப்பாக்கி, அவள் கையில் அழுத்தி மாட்டுவார். ஒரு காப்பில் விழுந்த வரிசை இன்னொரு காப்பில் விழாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் தடவியே இது இன்னாருடையது என்று சொல்லுவார். நாங்கள் சிலர் விளையாட்டாகச் சோதித்துப் பார்த்திருக்கிறோம். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அவரைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: பத்தர் தன் அடியை இல்லையென்று சொல்லமாட்டார். பந்திங் பக்கத்திலிருந்து ஒருவர் பிளந்துபோன காப்பைக் கொண்டுவந்து, கோலாலம்பூர்க் கடைக்காரர் ஒருவரைத் திட்டிக்கொண்டே, இதை ஒட்டித் தரமுடியுமா என்று கேட்டார். பத்தர் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இது அவரு செஞ்சதில்ல. என் அடிதான். ஓரத்துல தள்ளி அடிச்சுட்டேன், அதான் பொளந்துருச்சு."

வந்தவருக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. பத்தர் காப்பை வாங்கிக்கொண்டு வேறு ஒன்று செய்து கொடுத்தார்.

இந்தக் குணம் எல்லா நேரமும் இப்படி அழகாக இருக்கவில்லை.

உடைந்த அரங்களை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த, எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவர். பத்து வருஷப் பழக்கம். மாதம் ஒரு ஞாயிறு ரயிலில் வருவார். இருவரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, பேசாமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிட்டர் வீட்டில் போலீஸார் ஒருநாள் ஒரு காப்பைக் கண்டுபிடித்தார்கள். சில வாரங்களுக்கு முன் தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்த ஒரு பெண்ணின் கையிலிருந்து அது காணாமல் போயிருந்தது. பிட்டரையும் காப்பையும் பட்டறைக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. நானும் நின்றேன்.

பத்தர் காப்பை வாங்கினார். பிட்டர் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"என் அடிதான். காளியம்மான்னு ஒரு பொண்ணுக்குப் போட்டது."

பிட்டருக்கு ஆறு மாதம் சிறை. வேலை போனது, குடியிருப்பும் போனது. அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு ரயிலேறி வந்து, பட்டறை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். பத்தர் தலையில் விழுந்த மண்ணைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பத்தரே" என்றேன், அவள் போன பிறகு.

"செத்த பொண்ணு கையிலேருந்து எடுத்திருக்கான் டிரசரய்யா. அப்படியே இல்லாட்டியும், என் அடிய நான் எப்படித் தெரியலன்னு சொல்றது?"

அதற்குப் பிறகு போலீஸார் எந்தக் காப்பு கிடைத்தாலும் அவரிடம்தான் வந்தார்கள். பத்தர் சொல்லிவிட்டால் வேறு சாட்சி தேடமாட்டார்கள். எனக்கு அவரிடம் மரியாதை இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் பயமும் வந்தது.

அஞ்சலை என் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதற்கடுத்த வருஷம். எங்கள் தோட்டங்கள் ஒன்றில் மண்டோராக, அதாவது கூலிகளுக்கு மேலாளாக, இருந்தவனின் மனைவி. இருபத்திரண்டு வயதிருக்கும். அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டா" என்றான். இடது முன்கை எலும்பு முறிந்து, மணிக்கட்டு வீங்கி, காப்பு சதைக்குள் இறங்கியிருந்தது. என் கத்தரி அதை வெட்டவில்லை. பத்தருக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்து, மெல்லிய தோல் துண்டு ஒன்றைக் காப்புக்கும் சதைக்கும் நடுவே நுழைத்து, சிறு அரத்தால் அறுக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் ஆனது. அவள் அழவில்லை. மண்டோர் வெளியே வெற்றிலை போடப் போனான். காப்பு விலகியதும் அதன் அடியில் நாலு விரல் பதிந்த தடம் கன்றிக் கிடந்தது. பத்தர் அதைப் பார்த்தார்.

"இது எத்தனாவது தடவ தாயி?"

"நான் எண்ணல பத்தரய்யா."

சிம்பு வைத்துக் கட்டினேன். ஆனால் அவள் ஒரு வாரத்தில் மறுபடி பால்வெட்டப் போய்விட்டாள். போகச் சொன்னது அவன்தான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. முழங்கைக்குக் கீழே கை வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். பத்தர் காப்பை ஒட்டி, அந்த வளைந்த கையில் மறுபடி மாட்டிவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து மண்டோர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றான். அஞ்சலையைக் காணோம். நகைகளைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தான். அவனும் இரண்டு ஆட்களும் பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பு குடியிருப்பாகத் தேடியிருக்கிறார்கள், செந்தூலுக்கும் போயிருக்கிறார்கள்.

"இங்க வந்தாளா டிரசரய்யா? பொய் சொல்லாதீங்க."

"வரல."

"ஈப்போ பக்கம் போயிருக்கான்னு ஒருத்தன் சொல்றான். போலீசோட போறேன். கெடச்சா மூக்க அறுத்துத்தான் கூட்டிட்டு வருவேன்."

அவன் வெறும் வாய்ப்பேச்சுக்காரன் இல்லை. அவன் தோட்டத்து ஆட்களின் காயங்களை நான்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் ஈப்போவுக்குப் போகுமுன், ஆற்றோரச் சேற்றில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. நாலைந்து நாள் தண்ணீரில் கிடந்த உடல். பக்கத்தில் இருந்தது எங்கள் ஆஸ்பத்திரி என்பதால் பிண அறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். முகம் இல்லை. அதற்குமேல் எழுத வேண்டாம். இடது கையில் பத்தரின் காப்பு இருந்தது.

இன்ஸ்பெக்டர், ஒரு மலாய்க்காரக் கான்ஸ்டபிள், மண்டோர், பத்தர், நான். ஐந்து பேர்தான் அந்த அறையில் நின்றோம். இன்ஸ்பெக்டர் முதலில் மண்டோரைக் கேட்டார், இது உன் மனைவியா என்று.

மண்டோர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தான். "உயரம் இவ்வளவுதான் இருப்பா. காப்பு... இது மாதிரிதான் இருக்கும்" என்றான். அந்தக் கையை எத்தனையோ தடவை பிடித்து முறுக்கியவன், அதிலிருந்த காப்பை ஒருநாளும் பார்த்ததில்லை.

பத்தரைக் கூப்பிட்டார்கள். பிணத்தின் கையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை எனக்கு. பிடித்ததுமே தெரிந்துவிட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எலும்பு நேராக இருந்தது. முறிந்து கூடிய மேடு எதுவும் இல்லை. இது அஞ்சலை இல்லை.

பத்தர் வேட்டி நுனியால் காப்பின் சேற்றைத் துடைத்தார். கட்டைவிரலை வைத்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. அவர் ஒரு காப்பை இரண்டு முறை தடவி நான் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"என் அடிதான். அஞ்சலையோட காப்பு."

நான் கையைத் துணிக்குள் வைத்து மூடினேன். பதிவேட்டை எடுத்து, அஞ்சலை என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தில் பத்தரின் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார். ஓடிப்போனவள் மேல் இருந்த புகாரை அன்றே மூடிவிட்டார்கள்.

மறுநாள் பகலில் நானே பட்டறைக்குப் போனேன். அவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சலை எங்க பத்தரே?"

"எட்டு நாளைக்கு முன்னால விடியறப்ப வந்தா. காப்ப அறுத்து எடுத்துருங்க, இத வச்சே என்னக் கண்டுபுடிச்சுருவாங்கன்னா. அறுத்து உருக்கிட்டேன். ரயிலேறிப் போயிட்டா."

"அப்ப அந்தப் பொண்ணு யாரு?"

அவர் உளியை டப்பாவில் போட்டார். "ராக்கு. காப்பார் ரோட்டுல ஒரு தோட்டம். அவ ஆத்தா குப்பாயி கூட்டிட்டு வந்து போட்டுவிட்டா. போன தைப்பூசத்துக்கு முன்னால."

"அந்த ஆத்தாவுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"அந்த நேரத்துல உசுரோட இருக்கறவதான் கண்ணுக்குத் தெரிஞ்சா டிரசரய்யா" என்றார்.

மண்டோர் மனைவிக்கு நல்லபடியாகவே எல்லாம் செய்தான். பறை வைத்து, பாடை கட்டி, தானே கொள்ளி வைத்தான். தோட்டமே கூடி அஞ்சலைக்காக அழுதது.

குப்பாயி முதல்முறை வந்தது அந்த மாதக் கடைசியில். நரைத்த, சிறிய உருவம். முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"அய்யா, ஏதாச்சும் ஒரு பொண்ணு அடிபட்டு வந்துச்சுங்களா? எடது கையில பத்தர் காப்பு இருக்கும். ஆத்துக்குத் துணி தொவைக்கப் போனவ வரல."

"அப்படி யாரும் வரலம்மா" என்றேன். பதிவேடு என் மேசைமேல்தான் இருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

அங்கிருந்து பட்டறைக்குப் போனாள். அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, சம்பளம் போட்ட மறுவாரம், தவறாமல் வந்தாள். முதலில் என்னிடம், பிறகு பத்தரிடம். பட்டறை வாசலில் உட்கார்ந்து காப்பின் வரிசையைச் சொல்வாள். வேப்பிலை, பக்கத்தில் பிறை, அப்புறம் இரண்டு நெல், மறுபடி வேப்பிலை. யாராவது உருக்கக் கொண்டுவந்தார்களா என்று கேட்பாள். "வரல தாயி" என்பார். அவர் குரல் எப்போதும் போலத்தான் இருக்கும். ஆனால் அவள் போன பிறகு அன்று முழுவதும் சுத்தியலைத் தொடமாட்டார்.

"லோரிக்காரனோட ஓடிட்டான்னு தோட்டத்து லயத்து வீடுகள்ல பேசிக்கிறாங்க பத்தரய்யா" என்று ஒருமுறை சொன்னாள். "குழாயடியில என் காதுபடப் பேசறாங்க. ஓடற பொண்ணா அவ? நீங்க அவ கையப் புடிச்சுப் பாத்தவரு. சொல்லுங்க."

"ஓடற பொண்ணு இல்ல தாயி" என்றார் பத்தர்.

ஓடியவளைச் செத்தவளாக்கினோம். அதனால் செத்தவள் ஓடியவளானாள். இதை நான் அன்று யோசித்திருக்கவில்லை. அவர் யோசித்தாரா என்று கேட்கவும் துணியவில்லை.

நாலு மாதத்தில் மண்டோர் வேறு கல்யாணம் செய்துகொண்டான். மனைவி செத்தவனுக்குப் பெண் கொடுக்க யாருக்கும் தயக்கம் இல்லை. பதினெட்டு வயதுப் பெண். போலீஸார் அவனிடம் ஒப்படைத்த காப்பை அவளுக்குப் போட்டுவிட்டான். அது பெரிதாக இருந்ததால் பத்தரிடமே அனுப்பினான். கண்ணுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பத்தர் இதை என்னிடம் சொன்னார்.

"ராக்கு காப்ப அவ கையில அழுத்தி மாட்டினேன் டிரசரய்யா. கழண்டு விழாம நல்லா இறுக்கச் சொன்னா. நான்தான் இறுக்கினேன்."

வருஷம் திரும்புமுன் அந்தப் பெண்ணை என் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. காதிலிருந்து இரத்தம். "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டா" என்றான், அதே வார்த்தைகளில். நான் கட்டுப் போட்டு முடித்துவிட்டு பத்தரிடம் போய்ச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தனியாகச் சுமக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க பத்தரே?"

"ஸ்டேசனுக்கு. அவன் பொண்டாட்டி சாகலன்னு சொல்லப் போறேன். அன்னிக்கு நான் அப்படிச் சொல்லலன்னா இந்தப் பொண்ண எவன் குடுத்திருப்பான்? ஒருத்திய எடுத்துட்டு அந்த எடத்துல இன்னொருத்திய வச்சுட்டேன்."

நான் வாசலை மறித்து நின்றேன். "இப்பச் சொன்னா அவன் அஞ்சலையத் தேடிப் போவான். இந்தப் பொண்ணையும் விடமாட்டான். உங்களுக்கு ஜெயில்" என்றேன். "எனக்கும் வேல போயிரும்" என்றும் சொன்னேன். எதை முதலில் சொன்னேன் என்பது நினைவில்லை.

அவர் துண்டை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மண்டோரின் இரண்டாவது மனைவி அதற்குப் பிறகும் மூன்று தடவை என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மூன்று தடவையும் நான் கட்டுப் போட்டு அவனோடு அனுப்பிவைத்தேன்.

ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்கள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கின. வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கிள்ளானை அடுத்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், கப்பலேறுமுன் காய்ச்சல் பார்த்து அனுப்ப எங்களைப் போன்ற டிரசர்களை முறைவைத்து அழைத்தார்கள். ஒருநாள் என் வரிசையில் குப்பாயி நின்றாள். கையில் ஒரு மூட்டை. மகளுடைய சேலைகளும் அதில்தான் இருந்தன என்று பிறகு தெரிந்தது.

"போறேன் அய்யா. போகமாட்டேன்னேன், தொரை கேக்கல. அவ வந்து தேடுனா சொல்லுங்க, ஆத்தா ஊருக்குப் போயிட்டான்னு."

நான் சரி என்றேன். அப்போதுதான் பத்தர் துறைமுகக் கொட்டகைக்குள் வருவதைப் பார்த்தேன். அவள் கப்பலேறுகிறாள் என்று யாரோ சொல்லி, கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார். கடல் தாண்டிப் போய்விட்டால் அவளால் அஞ்சலைக்கு ஆபத்து இல்லை. அதற்காகத்தான் அவர் அந்த நாள்வரை காத்திருந்தார்.

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அவள் எதிரே தரையில் குந்தினார். நான் பத்தடி தள்ளி, அடுத்த ஆளின் வாயில் வைத்த தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"ராக்கு ஆத்துல போயிட்டா தாயி. நீ மொத தடவ வர்றதுக்கு முன்னாலயே. நான் பாத்தேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதுவரை அவரை 'வாங்க' 'போங்க' என்றே பேசிவந்தவள்.

"நீ பாத்தியா?"

"காப்பத் தடவிப் பாத்தேன். அவதான்னு தெரிஞ்சுது. வேற ஒரு பொண்ணு பேரச் சொல்லிட்டேன். அவ புருசன்கிட்டேருந்து அவ தப்பிக்கணும்னு."

"பொதைச்சாங்களா, எரிச்சாங்களா?"

"எரிச்சாங்க."

"கொள்ளி யாரு வச்சது?"

"அந்தப் புருசன்தான்."

"காப்பு?"

"அவன் ரெண்டாவது பொண்டாட்டி கையில கெடக்கு."

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் நேரான பதிலே சொன்னார். மழுப்பவில்லை, கூட்டவில்லை. கப்பலின் சங்கு ஊதியது. வரிசையில் ஆட்கள் நகரத் தொடங்கினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"மாசாமாசம் வந்தேன். ஒன் முன்னால ஒக்காந்துதான அழுதேன். தண்ணி மொண்டு குடுத்தியே, அப்பச் சொல்ல முடியலயா?"

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"இந்த அய்யாகிட்டயும் கேட்டேனே. ஆஸ்பத்திரிக்குத்தான கொண்டாந்திருப்பாங்க? இவருக்கும் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாது தாயி" என்றார் பத்தர். "நான் சொன்ன பேர எழுதினாரு, அவ்வளவுதான்."

நான் தெர்மாமீட்டரை எடுத்து உதறினேன். அதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

குப்பாயி எழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"யாருக்காகச் சொன்னியோ அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றாள். "நீ நல்லா இருக்காத."

சொல்லிவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். கப்பல் புறப்படும்வரை பத்தர் அதே இடத்தில் குந்தியிருந்தார்.

என் வேலை முடிந்து இருவரும் ஒரே ரயிலில் திரும்பினோம். எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கிள்ளான் வரும்வரை பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளைக்கும் நீங்க அந்த மேசையில ஒக்காரணுமே டிரசரய்யா. நாலு சனம் நம்பி வருமே."

மறுநாள் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தேன். அஞ்சலை என்று நான் எழுதிய பக்கம், பதிவேடு நிரம்பி அலமாரிக்குப் போகும்வரை, என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒருநாளும் அதைத் திருத்தவில்லை.